கடைசியாகத் தொட்டது எது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கணினிப் பராமரிப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது பெரிய கடல். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப். காசு செலவழித்துப் புது ப்ராசஸரோ, ரேமோ, கிராபிக்ஸ் கார்டோ வாங்கி மாட்டியாயிற்று. பட்டனை அழுத்தினால் எழும்பவில்லை. என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு இப்போது ஓர் அவசரமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்த விண்டோஸை ஏற்காத பழைய மெஷினை வைத்துக்கொண்டு, புதிது வாங்க வசதியில்லாதவர்கள், கேபினட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுகிறார்கள். நல்ல காரியம்தான். குப்பையும் குறையும், பணமும் மிஞ்சும். யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற துணிச்சலும் வந்திருக்கிறது. அதையும் நான் வரவேற்கிறேன். என் வியாபாரத்துக்கு நஷ்டம் என்றாலும்.

தானாகக் கெட்டுப்போன கணினி ஒரு ரகம். கை வைத்த பிறகு எழும்பாத கணினி வேறு ரகம். முதல் ரகத்தில் யாரைச் சந்தேகிப்பது என்றே தெரியாது. இடி, மின்னல், எலி, ஈரம், வயசு, எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது ரகத்தில் நேற்று வரை ஓடியது என்பது நமக்குத் தெரியும். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். அப்படிப் பார்த்தால் இது சுலபமான வேலை. ஆனால் கடைக்கு வந்து சேரும்போது இதுதான் பெரும்பாலும் இடியாப்பமாக வருகிறது. ஏன் தெரியுமா? முதல் தடவை எழும்பாததும் மனுஷனுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. ரேமைப் பிடுங்குகிறார், பேட்டரியைக் கழற்றுகிறார், கேபிளை இடம் மாற்றுகிறார், பக்கத்து வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது மின்சாரம் தரும் பெட்டியை, கடன் வாங்கி மாட்டுகிறார். எல்லாம் ஒரே மூச்சில். ஒரு மாற்றம் செய்த கணினியாக இருந்தது, பத்து மாற்றம் செய்த கணினியாகிவிடுகிறது. இனி எது காரணம் என்று யார் சொல்ல முடியும்?

அதனால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா எதைத் தொட்டீங்க?" பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் பதில், "ஒண்ணுமே பண்ணலைங்க." கேபினட்டைத் திறந்தால் புது ரேமின் ஸ்டிக்கர் பளபளக்கும். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, திட்டு விழுமோ என்ற கூச்சம். வீட்டில் நீங்களே செய்யும்போதும் இதே கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளை எடுத்துத் தொட்டதையெல்லாம் எழுதுங்கள். புதிதாக மாட்டியதை மட்டும் எழுதினால் போதாது. புது கார்டை மாட்டக் கை உள்ளே போனபோது எந்த ஒயரை விலக்கினீர்கள், எதைக் கழற்றித் திரும்பச் சொருகினீர்கள், அதையும் எழுதுங்கள். புதுச் சாமானின் மேல் பழி விழும் பல இடங்களில் உண்மையான குற்றவாளி, போகிற போக்கில் முழங்கை பட்டுத் தளர்ந்த பழைய ஒயர்.

அடுத்து, 'ஆன் ஆகலைங்க' என்ற பேச்சு. இதற்குள் நாலு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியாமல் கிடப்பது ஒன்று. ஃபேன் அரைச் சுற்று சுற்றிவிட்டு டக்கென்று நின்றுபோவது இன்னொன்று. ஃபேனும் சுற்றி விளக்கும் எரிந்து திரை மட்டும் இருட்டாக இருப்பது மூன்றாவது. எங்கள் பாஷையில் இதற்கு 'நோ டிஸ்ப்ளே' என்று பெயர். நாலாவதில் கம்பெனி லோகோ வரும், விண்டோஸ் வராது. இந்த நாலில் எது என்று சொல்லிவிட்டால் போனிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஏன் என்று புரிய, பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். சுவரில் சுவிட்சைப் போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சையும் போட்டுவிட்டால், கணினி ஆஃப் ஆகக் கிடக்கிறது என்று நாம் நினைக்கும்போதே ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் வந்து நின்றிருக்கும். அந்தச் சிறு மின்சாரத்தில்தான் மதர்போர்டு நம் விரலுக்காக விழித்திருக்கிறது. பட்டன் அழுந்தியதும் அது பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுதான் உத்தரவு. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் எழுந்து நிலைத்த பிறகு, எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற ஒயர் வழியாக 'எல்லாம் சரி' என்று மதர்போர்டுக்குச் சொல்லும். இதற்கு 100 முதல் 500 மில்லி செகண்ட் ஆகும். அந்தச் சேதி வரும்வரை ப்ராசஸர் ஓர் அடிகூட எடுத்துவைக்காது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை இது. அதற்கு முந்தைய மெஷின்களில் முன்பக்க சுவிட்சே நேராக 230 வோல்ட்டை இணைக்கும், துண்டிக்கும். இப்போதைய பட்டன் வெறும் சேதி சொல்லும் பட்டன்தான்.

சேதி வந்ததும் மெஷின், பயாஸ் சிப்பில் இருக்கும் தொடக்க புரோகிராமைப் படித்து வேலை தொடங்கும். ப்ராசஸர் சரியா, ரேம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்ப ஏதாவது இருக்கிறதா, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எங்கே என்று வரிசையாகத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்தச் சோதனை உண்டு. கோளாறு இருந்தால் பீப் ஒலியால் சொல்லும். இன்றைய கேபினட்டுகளில் அந்தச் சின்ன ஸ்பீக்கரை வைப்பதே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் டீக்காசுக்குக் கிடைக்கும் சாமான். அதை மிச்சம் பிடித்து என்ன சாதித்தார்களோ தெரியவில்லை. அதற்குப் பதிலாகப் பல மதர்போர்டுகளில் ஓரத்தில் நாலு பொட்டு விளக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சடித்திருக்கும். சோதனை ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஒரு விளக்கு எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வண்டி நின்றிருக்கிறது. இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால், அந்த விளக்குகள் உங்கள் போர்டில் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

இனி முதல் கோளாறு. விளக்கே எரியவில்லை. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா, 24 பின் கனெக்டர் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் குட்டி ஒயர் சரியான இரண்டு முள்ளில் நிற்கிறதா, அவ்வளவுதான். மதர்போர்டை மாற்றியவர்கள் கடைசியாகச் சொன்னதில்தான் கோட்டை விடுவார்கள். பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முள்ளையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு விநாடி தொட்டு எடுங்கள். எழும்பினால் பட்டன் ஒயரில்தான் தப்பு. அங்கே இருப்பது சில வோல்ட் மட்டுமே, பயப்பட வேண்டாம். பக்கத்து முள்ளில் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அரைச் சுற்றில் நின்றால், எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்கிறது என்று பொருள். மதர்போர்டு மாற்றியிருந்தால் முதலில் அதன் அடியில் பாருங்கள். கேபினட் தகட்டில் போர்டைத் தூக்கிப் பிடிக்கப் பித்தளைக் குமிழ்கள் இருக்கும். பழைய போர்டுக்கு வேண்டியிருந்த ஒரு குமிழ் புது போர்டுக்கு வேண்டாததாக இருக்கலாம். அது அடிப்பக்க சால்டரில் இடித்தால் போதும், கதை முடிந்தது. போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், இவற்றோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் இனி என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்களில், மதர்போர்டுப் பக்க முனைதான் எல்லாருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த முள்ளில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில நேரம் ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். 'பழைய கேபிள் பாங்கா ஓடிக் கிடக்கே, எதுக்குப் பிடுங்கணும்' என்று எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகலாம். ஹார்ட் டிஸ்க் எரியும். அதில் இருந்த பத்து வருஷ போட்டோவும் போகும். சோம்பலுக்கு இவ்வளவு விலை கொடுக்காதீர்கள்.

இப்போது 'நோ டிஸ்ப்ளே'. கடைக்கு வருவதில் பெரும்பங்கு இதுதான். ஒரு கேஸை விவரமாகச் சொல்கிறேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோத் தம்பி ஒருவர். பி450 மதர்போர்டு, ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி ப்ராசஸர். எடிட்டிங் இழுக்கிறது என்று ரைசன் 5 5600 வாங்கினார், கூடவே ஒரு கிராபிக்ஸ் கார்டும். இரண்டையும் ஒரே ராத்திரியில் மாட்டினார். மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணே, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலைண்ணே. ப்ராசஸர் டெட்டு. கடைக்காரர் மாத்தித் தரமாட்டேங்கிறார்."

பின்பக்கம் பார்த்தால், மானிட்டர் ஒயர் மதர்போர்டின் துளையில் சொருகியிருக்கிறது. வருஷக்கணக்காக அங்கேதான் சொருகிப் பழக்கம். 2200ஜி என்பதில் அந்தக் கடைசி 'ஜி' சும்மா இல்லை. ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்று அர்த்தம். 5600-இல் அது கிடையாது. மதர்போர்டின் அந்தத் துளைக்குப் படம் அனுப்ப இப்போது ஆளே இல்லை. இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் இதே கதைதான். ஒயரைக் கார்டுக்கு மாற்றினோம். அப்போதும் திரை இருட்டுதான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். 'மாத்தினேன், வரல, அப்ப அது காரணம் இல்ல' என்று ஒயரைப் பழையபடி மதர்போர்டில் சொருகிவிடுவார்கள். தப்பு. ஒயர் இருந்த இடம் தப்பு என்பது, படம் வந்தாலும் வராவிட்டாலும் உண்மை. ஒரே மாதிரி இருட்டுத் திரைக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தால், ஒன்றைச் சரிசெய்ததும் பலன் தெரியாது. தப்பென்று உறுதியாகத் தெரிந்து சரிசெய்த எதையும் திரும்பக் கலைக்காதீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

நாலு விளக்கில் சிபியு விளக்கு அணையாமல் நின்றது. பழைய 2200ஜி-யை எடுத்துவரச் சொல்லித் திரும்ப மாட்டினோம். உடனே டிஸ்ப்ளே வந்தது. ஆக, போர்டு நல்லது, ரேம் நல்லது, எஸ்எம்பிஎஸ் நல்லது, புது கார்டும் நல்லது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் அதன் தேதி 2018. 5600 சந்தைக்கு வந்தது 2022-இல். அந்தக் குடும்பமே 2020 நவம்பரில்தான் பிறந்தது. 2018-இல் எழுதிய பயாஸுக்கு அது யாரென்று எப்படித் தெரியும்? ஏஎம்டியின் இந்த ப்ராசஸர்களுக்கு உள்ளே ஒரு குட்டி ப்ராசஸர் தனியாக இருக்கிறது. பெரியவர் விழிக்கும் முன்னால் அதுதான் விழித்து ரேமைத் தயார்செய்யும். அதற்கு வேண்டிய புரோகிராம் பயாஸ் சிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டமே தொடங்காது. பிழைச் செய்தி வராது, பெரும்பாலும் பீப்கூட வராது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ப்ராசஸர் செத்துவிட்டது என்று அந்தத் தம்பி நினைத்ததில் தப்பே இல்லை, அப்படித்தான் தெரியும்.

போர்டுக் கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸை ஒரு பென்டிரைவில் எடுத்து ஏற்றினோம். யூபிஎஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும். பிறகு 5600-ஐ மாட்டினோம், ஓடியது. ப்ராசஸர் நல்ல ப்ராசஸர்தான். கடைக்காரர் மாற்றித் தராததும் நியாயம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 2018 பிப்ரவரியில் இந்த 2200ஜி வெளிவந்தபோது அதற்கும் இதே பிரச்சினை இருந்தது. அப்போது கடைகளில் இருந்த பழைய போர்டுகள் அதை ஏற்கவில்லை. பயாஸை ஏற்றிக்கொள்வதற்காகவே ஏஎம்டி ஒரு மலிவான ப்ராசஸரை வாடிக்கையாளர்களுக்கு இரவல் கொடுத்தது, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று. புதுசை மாட்டப் பழசு வேண்டும் என்ற இந்தச் சிக்கலைக் கம்பெனியே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது. இப்போது பல போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பயாஸை ஏற்ற ஒரு பட்டன் வைக்கிறார்கள். போர்டு வாங்கும்போது அந்தப் பட்டன் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கலர் விளக்கைவிட அது பிரயோஜனம்.

பயாஸ் ஏற்றும் முன் அந்தப் பதிப்பின் குறிப்பையும் படியுங்கள். பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப் 16 மெகாபைட்தான். புது ப்ராசஸருக்கு இடம் கொடுக்க, சில பதிப்புகளில் ரொம்பப் பழைய ப்ராசஸர்களை வெளியே தள்ளிவிட்டார்கள். ஏற்றிய பிறகு பழசுக்குத் திரும்ப முடியாமல் போகலாம்.

இன்டெல்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு, முந்தைய இரண்டு தலைமுறைக்கு இருந்த அதே 1151 சாக்கெட்தான். அச்சாகப் போய் உட்காரும். ஆனால் 100, 200 வரிசை சிப்செட் போர்டுகளில் ஓடாது. 300 வரிசை போர்டு வேண்டும். உட்கார்ந்துவிட்டதே என்று நம்பிக் காசைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பியின் போர்டில் இருந்த ஏஎம்4 சாக்கெட்டின் ப்ராசஸரைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. அதன் அடியில் 1331 முள் இருக்கிறது. வருஷக்கணக்கில் ஓடிய மெஷினில் பேஸ்ட் காய்ந்து, கூலரும் ப்ராசஸரும் ஒட்டிப்போயிருக்கும். கூலரை நேராக இழுத்தால் பூட்டு பூட்டியபடியே ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், முள் வளையும். அதனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடானதும் அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். அதுவாகவே பிடி விடும். முள் வளைந்துவிட்டால், தள்ளும் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு அந்தக் குழாய் நுனியை முள்ளில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தலாம். ஒரே தடவைதான். திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும்.

டிராம் விளக்கு நின்றால் ரேம். முதலில் டிடிஆர்4 போர்டுக்கு டிடிஆர்5 வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். இரண்டிலும் 288 முனைகள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, உள்ளே இறங்காது. இறக்கியே தீருவேன் என்று அமுக்கியவர்களும் உண்டு. இரண்டு ரேம் இருந்தால், நாலு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம். பக்கம் பக்கமாகச் சொருகினால் அழகாக இருக்கும், ஓடாமலும் போகலாம். அமுக்கும்போது இரண்டு முனையிலும் 'டக்' என்று கேட்க வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறுமுனை ஒரு நூல் தூக்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாது, விரலைத் தடவினால் தெரியும்.

ரேமை ரப்பரால் துடைப்பது நம் ஊர் வைத்தியம். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் பழைய ரேமுக்கு அது பலிக்கும். நேற்று வாங்கிய ரேமை எதற்குத் தேய்க்கிறீர்கள்? தங்கப்பூச்சு தேய்வதுதான் மிச்சம்.

டிடிஆர்5-க்கு மாறியவர்களுக்குப் பொறுமை வேண்டும். கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பதுபோல, ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் ஒவ்வொரு கம்பியிலும் சமிக்ஞையின் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கிறது. முதல் தடவை இதற்குச் சில நிமிஷங்கள்கூட ஆகலாம், அதுவரை திரை இருட்டுதான். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கரண்டை நிறுத்தினால், அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கும். 'அஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் சார்' என்பார்கள். அதுதானே பிரச்சினை? போட்டுவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். அப்படியும் வராவிட்டால் கரண்டைத் துண்டித்து, சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பேட்டரியைத் திரும்பப் போடுங்கள். பழைய ரேமுக்காக வைத்திருந்த வேக அமைப்பு மறந்துபோய், மெதுவான வேகத்தில் எழும்பப் பார்க்கும்.

விஜிஏ விளக்கு என்றால் கார்டு. ஸ்லாட் வழியாக 75 வாட் மட்டுமே வரும். மீதிக்குத்தான் கார்டின் தலையில் 6 முள், 8 முள் கனெக்டர்கள். 6 முள் 75 வாட், 8 முள் 150 வாட். அதைச் சொருக மறப்பது சாதாரணம். ப்ராசஸருக்குப் பக்கத்தில் போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 முள் கனெக்டரை மறப்பது அதைவிடச் சாதாரணம். அது இல்லாமலும் ஃபேன் ஜோராகச் சுற்றும்.

நாலாவது ரகம், லோகோ வந்து விண்டோஸ் வராதது. இங்கே சாமான் எல்லாம் நல்லது, விலாசம்தான் தப்பு. ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேகத்துக்காக எம்.2 எஸ்எஸ்டி மாட்டினார்கள், டேலி கணக்கு டேட்டா இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது. அழாத குறை. பல போர்டுகளில் ஓர் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக மூடிக்கொள்ளும். போர்டுப் புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பாகப் போட்டிருப்பார்கள். ஒயரை வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் டேட்டா வந்துவிட்டது. விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் நிறுவியிருந்தால், புது போர்டின் யுஇஎஃப்ஐ பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. உடனே ஃபார்மேட் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். எம்பிஆரை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற மைக்ரோசாஃப்ட்டே கருவி கொடுத்திருக்கிறது. டேட்டாவுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதை முயன்று பாருங்கள்.

இன்னொன்று பிட்லாக்கர். விண்டோஸின் இந்தப் பூட்டில் டிஸ்க்கின் சாவி, டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்போடு கட்டப்பட்டிருக்கும். ஏஎம்டியில் அந்த டிபிஎம் ப்ராசஸரோடு சேர்ந்தது. ப்ராசஸரை மாற்றியதும், பழைய டிபிஎம் பதிவை அழிக்கவா, 'ஒய்' (ஆம்) அல்லது 'என்' (வேண்டாம்) என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். யோசிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள். 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் ஒய் அழுத்தினால், அந்த டிஸ்க்கை என்னாலும் திறக்க முடியாது, யாராலும் முடியாது.

மெஷினுக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். புது கார்டு போட்டபின் கேம் தொடங்கியதும் பொட்டென்று அணைந்தால், யூபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் மின்சாரம் போக இடமில்லாமல் தகட்டில் நிற்கிறது. கணினிக்காரரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அது விளையாட்டில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிஷத்தில் 'போர்டு போச்சு' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை மாத்திப் போட்டு அப்படின்னு கண்டுபிடிச்சீங்க?" நல்ல மெக்கானிக் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பதில் சொல்லாமல் எரிந்துவிழுபவரிடமிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நாளைக்கே யாராவது ப்ராசஸர் மாற்றப்போவதாக இருந்தால், இன்று ராத்திரி மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸ் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே ஒயர்கள் எப்படி இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாமான் வாங்கியிருந்தால் ஒன்றை இன்று மாட்டுங்கள், ஓடினால் மற்றதை நாளைக்கு மாட்டுங்கள். பழைய ப்ராசஸரை ஆன்லைனில் விற்கப் படம் எடுத்து வைத்திருப்பீர்கள்; புதுசு ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அதை விற்காதீர்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். மெஷினையே கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வெளியே மேஜைக்கு வாருங்கள்.